ஒன்பதாவது வீடு

ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாவல்திட்டுப் பெண்கள் பதினான்கு பேர் இறால் குட்டையில் வேலை முடித்துப் படகில் உப்பங்கழியைக் கடந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் ஏறுகிற ஃபைபர் படகு அது. ஓட்டியவன் சபாபதி. ஆற்று வெள்ளமும் கடல் ஏற்றமும் மோதுகிற இடத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பயத்தில் எல்லோரும் மறுபக்கம் சாய, கவிழ்ந்தது. ஐந்து பெண்கள் கரையோரச் சுரபுன்னை மரங்களின் வேர்களைப் பிடித்துத் தப்பினார்கள். சபாபதியும் பிழைத்தான். ஒன்பது பேர் போய்விட்டார்கள். இரண்டு நாளில் எட்டு உடல்கள் கிடைத்தன. ஒன்பதாவது உடல் கிடைக்கவில்லை. அது சபாபதியின் மனைவி அமராவதி.

மூன்றாம் நாள் மிஷனிலிருந்து தேவசகாயம் வந்தார்.

அவர் சிதம்பரத்தில் ஒரு சிறிய சபையின் உபதேசியார். வயது ஐம்பத்திரண்டு. கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். அப்போது அவர் பெயர் செம்பியன். சுனாமியில் மனைவியும் நான்கு வயது மகளும் போனபின், நிவாரண முகாமில் யாரோடும் பேசாமல் கிடந்தவர் பக்கத்தில் வயதான ஓர் ஆயர் பதினோரு நாள் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள், “உம் பொண்ணு இயேசுவோட மடியில இருக்கா” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் செம்பியன் எழுந்தார். அடுத்த வருஷமே ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். அதன்பிறகு எங்கே வெள்ளம், எங்கே விபத்து என்றாலும் மிஷன் அவரைத்தான் அனுப்பியது. இழவு வீட்டில் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

அரிசியும் பாயும் போர்வையும் கொண்டுவந்திருந்தார்கள். கூட வந்த இரண்டு சகோதரிகள் ஒரு வாரத்தில் திரும்பிப் போனார்கள். தேவசகாயம் மட்டும் பக்கத்து ஊர் கிள்ளையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் சைக்கிளில் வந்தார். நாவல்திட்டில் கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை. ஊர்த் தலைவர் தேவநாதன் முதல் நாளே சொல்லிவிட்டார், மதம் மாற்றுகிற பேச்சு எதுவும் கூடாது, மற்றபடி வந்து போங்கள் என்று. தேவநாதனின் தம்பி மனைவியும் அந்தப் படகில் இருந்தவள். தேவசகாயம் ஒப்புக்கொண்டார்.

உடல் வந்து சேர்ந்த எட்டு வீடுகளில் மாரியம்மாளின் வீட்டில்தான் அவர் அதிக நேரம் இருந்தார். மாரியம்மாள் புருஷன் இல்லாதவள். ஒரே மகள் பவித்ராவைத் தை மாதம் கட்டிக்கொடுப்பதாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவள் படகேறினாள். மாரியம்மாள் அழவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் தரையில் உட்கார்ந்தார். நான்காம் நாள் அவர் தயங்கித் தயங்கி, ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார்.

“பண்ணுங்க. சாமி பேரு எதுவா இருந்தாலும் பரவால்ல. எம் பொண்ணு பேரச் சொல்லிப் பண்ணுங்க” என்றாள் மாரியம்மாள்.

அவர் பவித்ராவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அன்று சாயங்காலம் அவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மகள் போனபிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அன்றுதான் முதல்முறை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். தேவசகாயம் அதை மிஷனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். சிதம்பரம் சபையின் ஆயர் அதை எல்லோருக்கும் வாசித்ததாகப் போனில் சொன்னார்.

ஒன்பதாவது வீட்டுக்கு யாரும் போகவில்லை. சபாபதியைப் போலீஸ் அன்றிரவே கூட்டிப்போயிருந்தது. வீட்டில் அவன் மகள் கனிமொழி மட்டும் இருந்தாள், பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவள். சேத்தியாத்தோப்பிலிருந்து அமராவதியின் தங்கை வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. அம்மா கிடைத்தால் யார் அடையாளம் சொல்வது என்று கேட்டாளாம். படகுக்காரன் பெண்டாட்டிதான் கூலி ஆசையில் எல்லோரையும் வா வா என்று ஏற்றினாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. ஆனால் எட்டு வீட்டிலும் அது இருந்தது.

தேவசகாயம் அந்த வீட்டுக்குப் போனபோது கனிமொழி கதவைத் திறந்து, வாசலிலேயே நின்றாள். அவர் கொண்டுவந்த அரிசியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

“சார், நீங்க எல்லா வூட்லயும் செத்தவங்களுக்காக ஜெபம் பண்றீங்களாம். எங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?”

அவருக்கு அந்தக் கேள்வி தெரியும். பதிலும் தெரியும். அந்தப் பதிலில்தான் அவர் இருபது வருஷமாக உயிரோடு இருக்கிறார். ஆனால் வேதபாடப் பயிற்சியில் ஒருமுறை, ஞானஸ்நானம் வாங்காமல் இறந்தவர்களைப் பற்றிப் பாடம் நடந்தபோது, அவர்களுக்குப் பரலோகம் இல்லை என்று ஆசிரியர் சொன்னதைக் கேட்டுத் தன் மகளை நினைத்து அவர் நோட்டை மூடிவைத்தார். அப்புறம் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. முகாமில் ஆயர் சொன்னது பெரியதா, பாடத்தில் சொன்னது பெரியதா என்று அவர் தனக்குள்ளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது இந்தப் பெண் கேட்டதும் அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

“தெரியலம்மா” என்றார்.

கனிமொழி அரிசியை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கிள்ளை வரை நடந்தார்.

கார்த்திகை பிறந்து சபாபதி ஜாமீனில் வந்தான். தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும். வந்த அன்றே ஊர் கூடி, அவன் வீட்டோடு யாரும் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது. அவன் கூட்டத்துக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கரையில் கிடந்த ஒரு பழைய தோணியைத் தள்ளி, தனியாகக் காட்டு வாய்க்கால்களுக்குள் போனான். தீயணைப்புக்காரர்கள் தேடுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. இனிமேல் என்ன கிடைக்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

தேவசகாயம் துறையில் காத்திருந்து, அவன் திரும்பியதும் பேச்சுக் கொடுத்தார். தன் கதையைச் சொன்னார். ஆயிரம் கூட்டங்களில் சொன்ன கதை. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் குரல் இறங்கவேண்டும் என்று அவருக்கே தெரியாமல் அதற்கு ஒரு பதம் வந்திருந்தது. சபாபதி கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

“ரெண்டு பேரும் கெடச்சாங்களா?”

“கெடச்சாங்க.”

“கையால தொட்டுப் பொதச்சீங்களா?”

“பொதச்சேன்.”

“எனக்கு அது போதும்யா” என்றான் சபாபதி. “நீங்க போங்க. மழ வருது.”

தேவசகாயம் போகவில்லை. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் வந்தபோது, தோணியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். சபாபதி ஒரு மூங்கில் கழியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

அப்படிப் பதினேழு நாள் போனார்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்து போகும். இரு பக்கமும் வேர்கள் விரல் மாதிரி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். ஒவ்வொரு வேர்க்கூட்டத்திலும் சபாபதி தோணியை நிறுத்தி, கழியால் விலக்கிப் பார்ப்பான். பச்சையும் மஞ்சளும் கட்டம் போட்ட புடவை, இடது கையில் ஒரு செப்பு வளையல். அதைத்தான் தேடினான். பிளாஸ்டிக் சாக்கு, அறுந்த வலை, ஒருமுறை ஒரு செருப்பு. செருப்பைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இது ஆம்பிளை செருப்பு என்று திரும்பப் போட்டான்.

மூன்றாம் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தேவசகாயம் மாரியம்மாள் வீட்டுக்குப் போனபோது அவள் எழுந்து நின்றாள்.

“அவன் படகுல ஏறிதான் எம் பொண்ணு செத்தா. அவங்கூடவே நீங்க தோணி ஏறிட்டு, இங்க வந்து எப்படி உக்காருவீங்க?”

அவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். அவனும் பறிகொடுத்தவன்தான் என்றார்.

“எடுத்தவனும் அவன்தானேய்யா.”

அவர் கொடுத்த பாயைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். ஒரு வாரத்தில் எட்டு வீட்டுக் கதவுகளும் அடைத்துக்கொண்டன. தேவநாதன் மரியாதையாகவே சொன்னார், ஊர் முடிவுக்கு வெளியாள் என்றாலும் கட்டுப்பட்டால் நல்லது என்று. ஆயரிடமிருந்தும் போன் வந்தது. எட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வாசலைத் திறந்து என்ன பிரயோசனம், அந்த ஆளை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் அந்தத் தாய்மாரைப் பாருங்கள் என்றார் ஆயர். தேவசகாயம் சரி என்றார். மறுநாளும் தோணியில் ஏறினார். ஏன் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கழியைக் கையில் கொடுத்தவனிடம் அதைத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, மழை வலுத்ததால் ஒரு புதருக்கடியில் தோணியை ஒதுக்கிவைத்து இருவரும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சபாபதி அவர் பக்கம் திரும்பாமலே பேசினான்.

“ரெண்டு நடையாப் போவலாம்னு அமராவதி சொன்னா. மழ இருட்டிக்கினு வருது, ஒரே நடையில போயிரலாம்னு நாந்தான் எல்லாரயும் ஏத்துனேன். அவ இன்ஜின் பக்கத்துல உக்காந்திருந்தா. மத்தவங்களுக்குக் கேட்டிருக்காது. வேணாம் மாமான்னு ரெண்டாவது தடவயும் சொன்னா. நீ சும்மா இருன்னேன்.”

மழை தார்ப்பாயில் அடித்துக்கொண்டிருந்தது.

“ஊர்ல அவளத்தான் பேசுறாங்க. நானும் கேட்டுக்கினு இருக்கேன்.”

தேவசகாயம் தனக்குத் தெரிந்த வார்த்தையைச் சொன்னார். மனசார அறிக்கை செய்தால் கர்த்தர் மன்னிப்பார் என்றார்.

“அவரு மன்னிச்சுட்டா மாரியம்மா என்னா பண்ணும்?”

அவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. இத்தனை நாளில் இவன் முதல்முறையாகத் தன் கையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறான், சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தார். “உங்க பொண்ணுகிட்டயாவது உண்மையச் சொல்லிருங்க சபாபதி. சொன்னா பாரம் கொறையும்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பாவ அறிக்கைக்குப் பின் முகம் தெளிந்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

மார்கழி பிறப்பதற்கு முன் புயல் எச்சரிக்கை வந்தது. யாரும் உப்பங்கழிக்குள் இறங்கக் கூடாது என்று மைக் வைத்துச் சொன்னார்கள். அந்த வாரம் கனிமொழி ஒரு முடிவுக்கு வந்தாள். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் ஆள் செய்து எரித்துக் காரியம் செய்யலாம் என்று பள்ளியில் யாரோ ஒரு டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்பாவோடு அவள் அதிகம் பேசுவதில்லை. தினமும் அப்பாவோடு தோணியில் போகிறவர் என்பதால் இதைத் தேவசகாயத்திடம்தான் சொன்னாள். ஊரில் யாரும் வரமாட்டார்கள் என்பதால் சிதம்பரத்தில் ஒரு புரோகிதரை அவர் விசாரித்து வைத்தார். சபை உபதேசியார் காரியத்துக்குப் புரோகிதர் தேடுவது ஆயருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை மூவரும் பஸ்ஸில் சிதம்பரம் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு குளக்கரை. புரோகிதர் புல்லை முடிந்து கை, கால், தலை என்று ஓர் உருவம் செய்து வாழையிலையில் படுக்கவைத்தார். அமராவதியின் புடவை ஒன்றைக் கனிமொழி கொண்டுவந்திருந்தாள். அதைக் கிழித்துச் சுற்றினார்கள். அவ்வளவு சின்ன உருவம். தேவசகாயம் சற்றுத் தள்ளி ஒரு புங்கமரத்தடியில் நின்றார். அங்கே ஜெபிப்பதா கூடாதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்று புரோகிதர் கேட்டார். சபாபதி அந்தப் புல் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் கேட்டார். சபாபதி மகள் பக்கம் திரும்பினான்.

“உங்கம்மா வேணாம்னு சொன்னாம்மா. ரெண்டு தடவ சொன்னா. நாந்தான் கேக்கல. எல்லாரயும் நாந்தான் ஏத்துனேன்.”

கனிமொழி அவனையே பார்த்தாள். புரோகிதர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குளத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவளே புரோகிதரிடம், “அமராவதி” என்றாள். சபாபதி கொள்ளி வைத்தான். புல் உடனே பற்றி, உடனே அடங்கியது. ஒரு மனுஷிக்கு அவ்வளவு நேரம்தானா என்று தேவசகாயத்துக்கு இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கனிமொழி தனியாக முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் சித்திக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை துணிகளையும் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தேவசகாயம் அவள் பையைச் சைக்கிளில் வைத்துப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்தார். வழியெல்லாம், அப்பாவை மன்னித்துவிடும்மா என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்லத் தனக்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தார். நிறுத்தத்தில் அவளே பேசினாள்.

“அப்பாவ அதச் சொல்லச் சொன்னது நீங்களா சார்?”

“ஆமாம்மா.”

“தெரியாமயே இருந்திருந்தா அவரோட இருந்திருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்தவள் மாதிரிச் சொன்னாள். பஸ் வந்தது. சேத்தியாத்தோப்புக்குப் புவனகிரியில் மாறவேண்டும் என்று அவர் சொன்னார். தெரியும் என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

சபாபதி அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “அவளுக்காவது நெசம் தெரிஞ்சுது” என்றான். இரண்டு நாளில் புயல் கரை கடந்து, கழிக்குள் போகலாம் என்று சொன்னவுடன் அவன் மறுபடி தோணியைத் தள்ளினான். காரியம்தான் முடிந்ததே என்று தேவசகாயம் கேட்டார். அது அவளுக்கு முடிந்தது என்றான். அன்றும் அவர் கூடப் போனார். புயல் வேர்களுக்கிடையில் புதிதாக எவ்வளவோ குப்பையைக் கொண்டுவந்து சொருகியிருந்தது. எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அவருக்கு மாற்றல் வந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சபைக்கு ஆள் வேண்டுமாம், கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேரவேண்டும். ஆயர் கடிந்துகொள்ளவில்லை. களைத்திருப்பீர்கள், கொஞ்சம் ஓய்வாக இருக்கும் என்றார். புரோகிதர் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கவேண்டும் என்று தேவசகாயம் நினைத்தார். நிச்சயமாகத் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று காலை சபாபதியிடம் சொல்லிக்கொள்ளப் போனார். அவன் கையெழுத்துப் போடப் போயிருந்தான். வீடு பூட்டியிருந்தது. தோணி கரையில் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தும் எட்டு வீட்டு வாசல் வழியாகவும் சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். தேவநாதன் தலையசைத்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

மாரியம்மாள் குழாயடிக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் தாண்டிப் போனபிறகு கூப்பிட்டாள்.

“படகுக்காரன் பொண்ணு போயிருச்சாமே.”

“ஆமாம்மா. சித்தி வூட்டுக்கு.”

“ஞாயித்துக்கெழமயா?”

“ஆமா.”

“நா வூட்லதான் இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததே எம் பவித்ராதான். ராத்திரி சோறு பாதி நாளு இங்கதான் துன்னும்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்காமப் போயிருச்சுய்யா.”

இரண்டு மாதமாக அந்தப் பெண் தண்ணீருக்கு வந்தால் எழுந்து உள்ளே போனவள் இவள். வந்து சொல்லியிருந்தால் கதவைத் திறந்திருப்பீர்களா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அன்று படகில் சபாபதியும் அமராவதியும் பேசிக்கொண்டதை, அவள் வேணாம் என்று சொன்னதை, இப்போதாவது இவளிடம் சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால் பாரம் குறையும் என்று ஏற்கெனவே ஒருவனிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து, கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மாரியம்மாள் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ஆகி, பெண்கள் குடங்களோடு வர ஆரம்பித்தபோது அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பஸ் மாற, அவர் பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் போனார்.